கேட்டால் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது?



2024 பிப்ரவரி 8ஆம் தேதி சென்னைப் பள்ளிகளுக்கு வந்த வெடிகுண்டு மிரட்டல் இங்கே பலருக்கு நினைவிருக்கும். அலுவலகத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பெற்றோர் பள்ளி வாசலுக்கு ஓடிய நாள் அது. குண்டு எதுவும் அகப்படவில்லை. மிரட்டல் வந்த வழி புரோட்டான் மெயில் என்னும் சுவிட்சர்லாந்து மின்னஞ்சல் சேவை. தமிழ்நாடு காவல்துறை அந்தச் சேவையையே இந்தியாவில் முடக்க வேண்டும் என்று கேட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் ஒன்றிய அரசும் அதற்கு ஆயத்தமானது. சுவிஸ் அதிகாரிகள் தலையிட்ட பிறகு முடக்கம் நின்றுபோனது.

அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன், 2021 செப்டம்பரில், அதே நிறுவனத்தின் மேல் பாரிஸிலிருந்து வேறொரு குற்றச்சாட்டு வந்தது. நகரின் ஒரு பகுதியில் கட்டடங்களை ஆக்கிரமித்துப் போராடிய சூழலியல் இளைஞர்கள் புரோட்டான் கணக்கு ஒன்றைப் பயன்படுத்தினார்கள். அதைத் திறப்பது யார் என்று பிரெஞ்சுக் காவல்துறை அறிய விரும்பியது. வெளிநாட்டுக் காவல்துறை நேரே கேட்டால் தகவல் கொடுப்பது சுவிஸ் குற்றவியல் சட்டத்தின் 271ஆம் பிரிவின்படி குற்றம். ஆகவே ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் வழியாகச் சுவிஸ் அதிகாரிகளை அணுகினார்கள். சுவிஸ் உத்தரவு வந்தது. நிறுவனம் அந்தக் கணக்கின் ஐ.பி. முகவரியைப் பதிவு செய்து கொடுத்தது. கைது நடந்தது.

சென்னையில் ‘எதையும் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்’ என்று கோபம். பாரிஸில் ‘கொடுத்துவிட்டார்களே’ என்று கோபம். இந்த இரண்டு கோபங்களுக்கும் நடுவில்தான் இன்று நான் பேச வந்த விஷயம் இருக்கிறது. அந்தரங்கம் காப்போம் என்று சொல்லி மின்னஞ்சல் விற்கும் நிறுவனங்களை நாம் நம்புவதா வேண்டாமா என்று விவாதிக்கிறோம். அது நிறுவனத்தின் குணநலனைப் பற்றிய விவாதமாகவே முடிந்துவிடுகிறது. முதலாளி நல்லவரா, நாடு நல்ல நாடா என்று போகிறது. நான் கேட்கச் சொல்வது இதைவிட வறட்டுத்தனமான ஒரு கேள்வி. செல்லுபடியாகும் உத்தரவோடு ஓர் அதிகாரி வாசலில் வந்து நின்றால், கொடுப்பதற்கு அந்த நிறுவனத்தின் கையில் என்ன இருக்கிறது? அதை அவர்கள் முன்கூட்டியே, முழுதாக, நமக்குச் சொல்லியிருக்கிறார்களா?

பாரிஸ் விவகாரத்தில் முதல் கேள்விக்கு விடை ஓரளவு நன்றாகவே இருந்தது. கடிதங்களின் உள்ளடக்கம் காவல்துறைக்குப் போகவில்லை. கொடுக்க முடிந்தது ஐ.பி. முகவரியும், எந்த வகைக் கருவி என்பது போன்ற சில விவரங்களும்தான். சறுக்கியது இரண்டாவது கேள்வியில். இயல்பாக ஐ.பி. பதிவுகள் வைத்திருப்பதில்லை என்ற பொருளில் அதுவரை நிறுவனத்தின் முகப்பில் ஒரு வாசகம் இருந்தது. பொய்யில்லை. ஆனால், உத்தரவு வந்தால் குறிப்பிட்ட ஒருவரின் பதிவை அன்றிலிருந்து எடுக்கத் தொடங்குவோம் என்ற மறுபாதி அதன் பக்கத்தில் இல்லை. சர்ச்சை எழுந்த சில நாளில் வாசகம் மாறியது. விளம்பரம் எழுதுபவரும் பொறியாளரும் ஒரே அறையில் உட்கார்ந்து எழுதியிருந்தால் இந்தச் சங்கடம் நேர்ந்திருக்காது என்பது என் எண்ணம்.

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில்நுட்பம் பேசியாக வேண்டும். மாணவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என்கிரிப்ஷன் என்று நாம் புழங்கும் மறையாக்கத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள். ஒன்று பொதுச்சாவி, அதைக் கொண்டு யார் வேண்டுமானாலும் உங்களுக்கு எழுதியதைப் பூட்டலாம். மற்றது தனிச்சாவி; திறக்க அது மட்டுமே உதவும். 1991இல் பில் சிம்மர்மன் வெளியிட்ட பிஜிபி என்ற நிரல் இதைச் சாதாரண மனிதர்களின் கைக்குக் கொண்டுவந்தது. ஆயுதம் ஏற்றுமதி செய்ததற்கு நிகரான குற்றமாகக் கருதி அமெரிக்க அரசு அவரை மூன்று ஆண்டுகள் விசாரித்து, 1996இல் கைவிட்டது. ஆனால் பிஜிபியில் சாவியை நாமே உருவாக்கி, நாமே பத்திரப்படுத்தி, நாமே பரிமாறிக்கொள்ள வேண்டும். படித்தவர்களே தடுமாறினார்கள். புரோட்டான், ஜெர்மனியின் ஹானோவரில் இயங்கும் டூட்டா போன்ற சேவைகள் இந்தத் தொல்லையைத் தாங்கள் ஏற்றுக்கொண்டன. உங்கள் தனிச்சாவி அவர்கள் சர்வரில்தான் இருக்கும். ஆனால் உங்கள் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டு இருக்கும். கடவுச்சொல் உங்கள் கணினியைவிட்டு வெளியே போவதில்லை. ஆகவே சர்வரை வைத்திருப்பவரால் திறக்க முடியாது. ஏற்பாடு இதுதான்.

இதில் பலரும் கவனிக்காத ஓர் ஓட்டை உண்டு. ஒரே சேவையில் இருக்கும் இருவர் எழுதிக்கொண்டால் கடிதம் புறப்படும்போதே பூட்டப்படும். ஜிமெயிலில் இருக்கும் உங்கள் மைத்துனர் எழுதும் கடிதமோ சர்வர் வாசல்வரை திறந்தே வருகிறது. உள்ளே வந்த பிறகுதான் பூட்டு விழுகிறது. அந்தக் கண நேர இடைவெளி போதும். 2020இல் கொலோன் நீதிமன்றம் டூட்டாவுக்கு இட்ட உத்தரவு அந்த இடைவெளியைப் பற்றியதுதான். மிரட்டல் வழக்கு ஒன்றில், ஒரே ஒரு கணக்குக்கு வரும் கடிதங்களைப் பூட்டுவதற்கு முன் பிரதி எடுத்துத் தர வேண்டும் என்றது. ஏற்கெனவே பூட்டப்பட்டவற்றைத் திறக்கச் சொல்லவில்லை, சொன்னாலும் ஆகாது. மேலும் மைத்துனரின் ஜிமெயில் பெட்டியில் அதன் இன்னொரு பிரதி கிடக்கிறது என்பதை நான் தனியே சொல்ல வேண்டியதில்லை.

தபால் உறைக்கு வெளியே எழுதியது தபால்காரருக்குத் தெரிந்தே ஆக வேண்டும் அல்லவா, அதுபோல யாருக்கு, யாரிடமிருந்து, எப்போது என்ற விவரங்களை எந்த மின்னஞ்சல் சேவையாலும் தன்னிடமிருந்தே ஒளிக்க முடியாது. பிஜிபி முறையில் கடிதத்தின் தலைப்பு வரியும் உறையின் வெளிப்புறத்தில்தான். டூட்டா தலைப்பையும் பூட்டுகிறது. புரோட்டான் பிஜிபி வழியைப் பின்பற்றுவதால் அப்படிச் செய்வதில்லை. ‘வேலையை விடுகிறேன்’ என்று தலைப்பு வரியிலேயே எல்லாவற்றையும் எழுதிவிடும் பழக்கமுள்ளவர்கள் நம்மில் அதிகம்.

சொல்லப்பட்டதற்கும் கட்டப்பட்டதற்கும் இடையே விரிசல் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பழைய கதைகள் உண்டு. முதலாவது ஹஷ்மெயில். 1999இல் கனடாவில் தொடங்கியது. முதலில் மறையாக்க வேலை முழுவதும் பயனரின் கணினியிலேயே, ஜாவா நிரல் ஒன்றின் வழியே நடந்தது. அது மெதுவாக இருந்தது, சிலருக்கு ஓடவே இல்லை. எனவே சர்வரிலேயே அந்த வேலையைச் செய்யும் எளிய வழி ஒன்றையும் வைத்தார்கள். அந்த வழியில் கடவுச்சொல் ஒரு நொடியாவது சர்வரைத் தொட்டுச் செல்லும். 2007இல் ஸ்டீராய்டு விற்பனை வழக்கு ஒன்றில் கனடிய நீதிமன்ற உத்தரவின் பேரில் அந்நிறுவனம் மூன்று கணக்குகளின் கடிதங்களை 12 குறுந்தகடுகளில் அமெரிக்க அதிகாரிகளுக்குக் கொடுத்தது வெளியே வந்தது. அதிலும் படிக்கத்தக்க கடிதங்கள். அந்நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் பத்திரிகையாளரிடம் எதையும் மழுப்பாமல் ஏற்பாட்டை விளக்கினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த விளக்கம் விற்பனையின்போதே வந்திருக்க வேண்டியது.

இரண்டாவது லாவாபிட். டெக்சாஸ்காரர் லடார் லெவிசன் நடத்திய சேவை. நான்கு லட்சம் பயனர்கள். அவர்களில் ஒருவர் அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்டு ஸ்னோடன். 2013 ஜூனில் ஸ்னோடன் உலகச் செய்தியான சில நாளிலேயே அதிகாரிகள் வந்தார்கள். ஒரு கணக்கின் விவரத்தோடு நிற்காமல், பயனருக்கும் சர்வருக்கும் இடையிலான இணைப்பைக் காக்கும், சேவை முழுவதற்குமான எஸ்எஸ்எல் சாவியைக் கேட்டார்கள். அந்தச் சாவி கிடைத்தால் எல்லாப் பயனர்களின் கடவுச்சொற்களும் வழியிலேயே பிடிபடும். கடவுச்சொல் பிடிபட்டால் தனிச்சாவியும் பிடிபடும். லெவிசன் சாவியைக் கொடுத்தார், எப்படி என்றால் மிக நுண்ணிய எழுத்தில் 11 பக்கங்களாக அச்சிட்டு. நீதிமன்றத்துக்குச் சிரிப்பு வரவில்லை. நாளொன்றுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. கடைசியில் மின்வடிவில் கொடுத்துவிட்டு, ஆகஸ்ட் 8ஆம் தேதி கடையையே மூடினார். ஏன் மூடுகிறேன் என்று சொல்லவும் அவருக்குத் தடை. குறிவைக்கப்பட்ட கணக்கு யாருடையது என்பது அதிகாரபூர்வமாக ரகசியமாகவே இருந்து, 2016இல் நீதிமன்ற ஆவணம் ஒன்றில் கறுப்பு மை பூசத் தவறிய ஓர் இடத்தில் ஸ்னோடனின் முகவரி தெரிந்துபோனது.

லெவிசனை வீரராகக் கொண்டாடுகிறார்கள். அவருடைய நெஞ்சுரத்தை நானும் மெச்சுகிறேன். ஆனால் பொறியியல் கண்ணோடு பார்த்தால் அந்தச் சேவையின் பாதுகாப்பு ஒரு மனிதரின் நெஞ்சுரத்தின் மேல் நின்றது. அவர் இடத்தில் சற்றுப் பயந்த ஒருவர் இருந்திருந்தால் நான்கு லட்சம் பேரின் கடிதங்களும் சத்தமில்லாமல் திறந்திருக்கும். கடவுச்சொல் சர்வருக்கே வராத அமைப்பில் அந்தப் பயந்த மனிதரும் பயனருக்கு ஆபத்தில்லை. நல்லவர் நடத்தும் சேவையைத் தேடுவதைவிட, கெட்டவர் நடத்தினாலும் தாங்கும் அமைப்பைத் தேடுவது மேல்.

நாட்டின் பெயரை நம்புவதும் இதே வகைதான். சுவிஸ் என்றால் நடுநிலை, ரகசியம், மலை, வங்கி. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு சுக் மாநிலத்தில் கிரிப்டோ ஏஜி என்றொரு நிறுவனம் பல பத்தாண்டுகள் மறையாக்க இயந்திரங்களை விற்றது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் வாங்கின. இந்தியாவும் வாங்கியது, பாகிஸ்தானும் வாங்கியது. 2020 பிப்ரவரியில் வாஷிங்டன் போஸ்ட்டும் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து தொலைக்காட்சிகளும் சேர்ந்து உண்மையை வெளியிட்டன. 1970இலேயே அமெரிக்காவின் சிஐஏவும் மேற்கு ஜெர்மன் உளவுத்துறையும் அந்த நிறுவனத்தை ரகசியமாக வாங்கிவிட்டிருந்தன. தாங்கள் திறக்கத்தக்க பூட்டுகளை உலகத்துக்கு விற்று, காசும் வாங்கிக்கொண்டன. ஜெர்மானியர்கள் 1993இல் விலகினார்கள். அமெரிக்கர்கள் 2018 வரை வைத்திருந்தார்கள். 2021 ஜூனில் அனோம் என்ற ரகசியக் கைபேசி வலைப்பின்னலையே எஃப்பிஐதான் நடத்தியது என்று தெரிந்து 800 பேருக்கு மேல் கைதானபோது, இது ஒன்றும் புதிய வித்தை இல்லை என்று வரலாறு தெரிந்தவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

அப்படியானால் எந்த நிறுவனத்தின் மேலும் இதே சந்தேகத்தை வீசலாமே? வீசினார்கள். 2023இல் கனடாவில், ரகசியங்களைக் கசியவிட்டதாக விசாரிக்கப்பட்ட கேமரன் ஆர்ட்டிஸ் என்ற முன்னாள் காவல் உளவு அதிகாரி, டூட்டா ஓர் உளவு அமைப்பின் போலிக் கடை என்று தனக்குச் சொல்லப்பட்டதாகச் சாட்சியம் அளித்தார். ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை, நிறுவனம் மறுத்தது, நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. ஆனால் இப்படி ஒரு பழி வந்தால் நேர்மையான நிறுவனம் எதைக் காட்டி மறுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ‘நாங்கள் நல்லவர்கள்’ என்ற வாக்கு போலிக் கடைக்காரரிடமும் இருக்கும். காட்டத்தக்கது நிரல் மட்டுமே.

ஒரு மறையாக்க முறையின் வேலைப்பாடு முழுவதும் எதிரிக்குத் தெரிந்தாலும், சாவி ஒன்று மட்டும் தெரியாதிருந்தால் அது தாங்க வேண்டும் என்று 1883இலேயே அகஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் எழுதிவிட்டார். டூட்டா 2014இல் தன் பயனர் பக்க நிரலைத் திறந்து வைத்தது. புரோட்டானின் செயலிகளும் படிப்படியாகத் திறக்கப்பட்டன. வெளித் தணிக்கையாளர்களின் அறிக்கைகளும் வெளியாகின்றன. நல்லது. ஆனால் தணிக்கையாளர் படித்த நிரல் வேறு, நீங்கள் இன்று காலை உலாவியில் திறந்தபோது சர்வர் அனுப்பிய நிரல் வேறாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் அது புதிதாகத்தான் வந்து இறங்குகிறது. ஒரே ஒருவருக்கு மட்டும், ஒரே ஒரு நாள் மட்டும், கடவுச்சொல்லைக் கசியவிடும் பக்கத்தை அனுப்பினால் தணிக்கையாளருக்கு எப்படித் தெரியும்? 2018இல் நதீம் கொபெய்சி என்ற ஆய்வாளர் புரோட்டானின் வலைப்பக்க வடிவத்தைப் பற்றி எழுப்பிய ஆட்சேபம் இதுவே. நிறுவனம் அதை ஏற்கவில்லை. எல்லா வலைச் செயலிகளுக்கும் பொருந்தும் குறை என்றது. அந்தப் பதில் ஆட்சேபத்தை உறுதிப்படுத்துகிறது என்றே நான் படிக்கிறேன். நிறுவிக்கொள்ளும் செயலியில் இந்த ஆபத்து குறைவு. எல்லாருக்கும் ஒரே கோப்பு போகிறது, ஒப்பிட்டுப் பார்க்க வழியுண்டு. அதையும் தாண்டிச் சந்தேகப்படுபவர்களுக்கு, நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரிலேயே கள்ளக் கதவு வைக்கலாம் என்று காட்டி 1984இல் கென் தாம்சன் அச்சிட்ட டூரிங் பரிசுச் சொற்பொழிவு இருக்கிறது. எல்லாவற்றையும் தானே எழுதியவர் தவிர யாரும் முழுதாகச் சரிபார்க்க முடியாது. ஆகவே இது கூடுதல் குறைவு பற்றிய பேச்சுதான்.

எத்தனை உத்தரவுகள் வந்தன என்று நிறுவனங்கள் கணக்குச் சொல்லும் வெளிப்படைத்தன்மை அறிக்கைகளுக்கு வருகிறேன். இந்த வழக்கத்துக்குச் சிலிக்கான் பள்ளத்தாக்கு பிறப்பிடம் இல்லை. 1844இல் லண்டனில் அடைக்கலம் புகுந்திருந்த இத்தாலியப் புரட்சியாளர் ஜுசெப்பே மாட்சினி, தன் கடிதங்கள் தபால் நிலையத்தில் பிரிக்கப்படுகின்றன என்று சந்தேகப்பட்டார். அவரும் நண்பர்களும் உறைக்குள் கசகசாவையும் மணலையும் மயிரிழையையும் வைத்து அனுப்பிச் சோதித்தார்கள். போய்ச் சேரும்போது அவை இல்லை. நாடாளுமன்றத்தில் புயல் கிளம்பியது. விசாரணைக் குழு அமர்ந்தது. நூறாண்டுக்கும் மேலாகக் கடிதம் பிரிக்க எத்தனை ஆணைகள் பிறந்தன என்ற கணக்கை அச்சிட்டு வெளியிட்டது. அரசின் ரகசியக் கடிதப் பிரிவு கலைக்கப்பட்டது. அன்று பயனாளியே சோதிக்க வழி இருந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. பிரதி எடுக்கப்பட்ட மின்னஞ்சலில் கசகசா கொட்டுவதில்லை. அதனால் கணக்கை நிறுவனமே சொல்ல வேண்டியிருக்கிறது.

புரோட்டான் சொல்கிறது. 2021, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஆண்டுக்கு 6,000க்கும் மேற்பட்ட உத்தரவுகள் வந்ததாக அதன் அறிக்கைகள் கூறுகின்றன. சிலவற்றை எதிர்த்திருக்கிறார்கள், பெரும்பாலானவற்றுக்கு இணங்கியிருக்கிறார்கள். எண்ணிக்கை பெரிது என்று பதறுபவர்களைவிட, எண்ணிக்கை சொல்வதோடு திருப்திப்படுபவர்களைப் பார்த்தே எனக்குக் கவலை. ஐ.பி. கேட்டவை எத்தனை, மீட்பு முகவரி கேட்டவை எத்தனை, எந்த நாட்டின் வேண்டுகோள், எத்தகைய குற்றம் என்று பிரித்துச் சொன்னால்தான் அறிக்கை பயனருக்கு உதவும். 2024இல் ஸ்பெயினின் கட்டலான் விடுதலைப் போராட்டத்தோடு தொடர்புடைய ஒருவர் சிக்கியது மீட்பு முகவரியால்தான். கடவுச்சொல் மறந்தால் உதவும் என்று அவர் கொடுத்திருந்த ஆப்பிள் மின்னஞ்சலைப் புரோட்டான் சுவிஸ் உத்தரவின் பேரில் கொடுத்தது. அந்தக் கணக்கின் உரிமையாளர் விவரத்தை ஆப்பிள் கொடுத்தது. பூட்டு எதுவும் உடைபடவில்லை. அவரே எழுதிக் கொடுத்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. பதிவுப் படிவத்தில் அந்தக் கட்டத்துக்குக் கீழேயே, ‘இது மறையாக்கப்படுவதில்லை, உத்தரவு வந்தால் கொடுப்போம்’ என்று அச்சிடுவதற்கு எவ்வளவு இடம் பிடிக்கும்?

நாடும் நிலையாக இல்லை. 2021 அக்டோபரில் சுவிஸ் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் மின்னஞ்சல் சேவைகள் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அல்ல என்று தீர்ப்பளித்துப் புரோட்டானின் சுமையைக் குறைத்தது. 2025இல் சுவிஸ் அரசு கண்காணிப்பு விதிகளைத் திருத்த முன்வைத்த வரைவு, பயனர்களை அடையாளம் கண்டு தகவல்களை ஆறு மாதம் சேமிக்கும் கடமையை இத்தகைய சேவைகள் மேலும் சுமத்தப் பார்த்தது. நாட்டைவிட்டே போய்விடுவோம் என்று நிறுவனம் அறிவித்தது. தன் புதிய செயற்கை நுண்ணறிவுச் சேவையின் சர்வர்களை ஜெர்மனியில் வைத்தது. பத்தாண்டுகளாகச் சுவிஸ் மலையைக் காட்டி விற்றவர்கள் பெட்டியைக் கட்டுவதைப் பார்க்க எனக்கு ஒரு சின்ன வேடிக்கையும் உண்டு.

இனி நம் ஊர். சென்னைப் பள்ளிப் பெற்றோரின் பதற்றமும், 2025 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கில் ஆபாசமான மின்னஞ்சல்களால் அவமானப்படுத்தப்பட்ட பெண் ஊழியர்களின் துயரமும் பொய்யில்லை. அந்த வழக்கில் புரோட்டானை முடக்கும் நடவடிக்கையைத் தொடங்கும்படி நீதிமன்றம் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. அந்தரங்கத்தை ஆதரிப்பவர்கள் இவர்களிடம் ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு நகர முடியாது. ஆனால் முடக்கம் இவர்களுக்கு என்ன தரும்? அனுப்பியவர் வேறு சேவைக்கு மாறுவார். பாரிஸ் காட்டியது இதுதான்: சுவிஸ் அதிகாரிகள் வழியாக முறையாகப் போனால் அந்த நிறுவனத்தால் கொடுக்க முடிந்ததைக் கொடுத்தாக வேண்டும். அந்த வழி மெதுவானது, காகிதம் நிறைந்தது. அதை வேகப்படுத்துவது இரு அரசுகளின் வேலை. எல்லார் பதிவையும் ஐந்தாண்டு வைத்திரு என்று 2022இல் ஒன்றிய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், பயனரின் ஐ.பி. முகவரியை மறைக்கும் விபிஎன் நிறுவனங்களுக்குச் சொன்னபோது நடந்தது வேறு: பல நிறுவனங்கள், புரோட்டான் உட்பட, சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போயின.

கடைசியாக, சென்னையில் வேர்கொண்ட ஸோஹோ. ஒன்றிய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் இந்த நிறுவனத்தின் தளத்துக்கு மாறியிருப்பதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது. தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பெருமைதான், எனக்கும். அதே பருவத்தில் அதன் ‘அரட்டை’ என்ற செயலி திடீரென்று லட்சக்கணக்கானோரின் கைபேசியில் ஏறியபோது, அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கத்தக்க முனைக்கு முனை மறையாக்கம் குறுஞ்செய்திகளுக்கு அப்போது இல்லை என்பதை ‘நம்ம ஊர் செயலி’ என்ற உற்சாகத்தில் பலர் கேட்கவே இல்லை. சுவிஸ் பெயரை நம்பியவர்கள் செய்த அதே தவறு, உள்ளூர் உடையில். விளம்பரத்துக்காகத் தகவலை விற்க மாட்டோம் என்ற ஸோஹோவின் வாக்கை நான் மதிக்கிறேன். ஆனாலும் அது வாக்கு மட்டுமே.

ஆனால் அரசு ஊழியரின் அலுவல் மின்னஞ்சலுக்கு, புரோட்டான் தன் பயனருக்குப் போடும் பூட்டையே போட வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். தனிமனிதரின் கடிதத்தை அவரைத் தவிர யாரும் திறக்க முடியாமல் இருப்பது நியாயம். கோப்பு அரசுடையது. ஓர் அதிகாரி ஓய்வு பெற்றுப் போகும்போது கடவுச்சொல்லையும் கொண்டுபோய்விட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடும் குடிமகனுக்கு என்ன பதில் சொல்வது? அந்தச் சாவியை அரசு வைத்திருக்க வேண்டும். யார் வைத்திருக்கிறார், எப்போது எடுத்தார், ஸோஹோவின் ஊழியர் கை அதில் எதுவரை நீளும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டு, அந்தப் பக்கங்கள் வெளியிடப்பட வேண்டும். இந்த அவையில் இருக்கும் சட்ட மாணவர்கள் அதற்கான மனுவை இந்தப் பருவத்திலேயே எழுதலாம். கட்டணம் பத்து ரூபாய்.